மீன் தலையைக் கொதிக்க விடாதீர்கள்

(வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருபவர், தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளைத் தயாரித்து ஓய்வு பெற்றவர்.)

பிளஸ் டூ மாணவி, ஆறுமுகநேரி: அறிவியல் கண்காட்சிக்காக ஒரு விளைமீன் தலையைக் குக்கரில் வேகவைத்தேன். சதை கழன்றது, தலையும் சேர்ந்து கழன்று ஒரு கிண்ணம் முள்ளாகிவிட்டது. மண்டையோடு முழுதாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

மகளே, மண்டையோடு என்றதும் எல்லாரும் மனிதத் தலையைத்தான் நினைக்கிறோம். அதில் 22 எலும்புகள். கீழ்த்தாடை தவிர மற்றவை இறுகிப் பொருந்தி அசையாமல் இருக்கின்றன. மீன் தலையில் நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள். மூளையைச் சுற்றியுள்ள நடுப்பெட்டி மட்டுமே கெட்டியானது. தாடைகள், கன்னத் தகடுகள், செவுள் மூடி, நாக்கெலும்பு, செவுள் வளைவுகள் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து நாரால் தொங்குகின்றன. இரையை உறிஞ்ச வேண்டுமானால் இத்தனையும் அசைந்தாக வேண்டும். காரல் மீனின் கீழ்த்தாடையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார். வாய் குழாயாக நீண்டு முன்னால் வரும். அந்த நார் கொலாஜன் என்ற புரதம். கொதிநீரில் அது ஜெலட்டினாகக் கரைந்துவிடும். குக்கரில் இன்னும் சீக்கிரம் கரையும். அதனால்தான் உனக்குக் கிண்ணம் நிறைய முள் கிடைத்தது.

முதலில் தலையை வாங்கும் விதம். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் வெட்டித் தரும் அக்காக்கள் குழம்புக்குத்தான் என்று நினைத்துத் தலையை நேர் நடுவில் பிளந்துவிடுவார்கள். கத்தி எடுக்கும் முன்பே, பிளக்காமல் தரும்படியும் மார்புத் துடுப்பு தலையோடு சேர்ந்து வரும்படியும் சொல்லிவிடு. செவுள் மூடிக்குப் பின்னால் பிறை வடிவில் வளைந்த ஓர் எலும்பு இருக்கிறது. மீனின் தோள் அதுதான். நமக்கு இருப்பதுபோலக் கழுத்து இடையில் இல்லாமல் நேராக மண்டையின் பின்புறத்தோடு இணைந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் தலையின் பின்பக்கம் மூளியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கண்களை எடுத்துவிடு. செவுளை எடுக்கும்போது நிதானம் வேண்டும். செவுள்களுக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், மேலும் கீழுமாகப் பல் பதித்த சிறு தகடுகள் இருக்கும். பெரும்பாலான மீன்களுக்குத் தொண்டையில் இப்படி இரண்டாவது தாடை உண்டு. செவுளோடு சேர்ந்து குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்தத் தகடுகள்தான். தனியாக ஒரு சிறு டப்பாவில் போட்டு வை.

இனி வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கு. கொதி அடங்கியபின் தலையை ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் போடு. தோல் சுருங்கும், கண்ணாடி மாதிரி இருந்த கன்னத்துச் சதை வெள்ளையாக மாறும். அந்த வெண்மை தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஒரு நொடியும் சூடு வேண்டாம். இப்போது கன்னத்தை விரலால் தள்ளினால் சதை ஒரே கட்டியாகப் பெயர்ந்து வரும். மற்ற இடங்களுக்கு இடுக்கி, பழைய பல் துலக்கி, தையல் ஊசி. தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே வேலை செய். வராத இடத்துக்கு மட்டும் மறுபடி முக்கலாம். கண்குழியின் கீழ் விளிம்பில் சங்கிலியாக ஓடும் மெல்லிய எலும்புகளைத்தான் எல்லாரும் முதலில் இழக்கிறார்கள். அவற்றைப் பிடித்திருக்கும் சவ்வைச் சுரண்டாதே. காய்ந்தபின் அது கண்ணுக்கே தெரியாது. சுரண்டிவிட்டால் அந்த எலும்புகளுக்கு வேறு பிடிமானம் இல்லை.

அடுத்தது எண்ணெய். மீன் எலும்புக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கும். அதை எடுக்காமல் காயவைத்தால் சில மாதங்களில் எலும்பு மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். தூசியும் எறும்பும் வரும். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரை நீரை மாற்றிக்கொண்டே இரு. விளைமீனுக்கு இது சில நாள் வேலை. அயலை, சீலா போன்றவற்றுக்கு இன்னும் நீளும்.

வெண்மை வேண்டுமென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம்; அதே அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கிக்கொள். மூடி இறுக்காத பாத்திரத்தில், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது செய். அதிலிருந்து வாயு வரும், மூடினால் வெடிக்கும். சில மணி நேரம் போதும். பிளீச்சிங் பவுடரையோ கழிப்பறை கழுவும் குளோரின் திரவத்தையோ தொடவே தொடாதே. அன்றைக்கு எலும்பு பளிச்சென்று இருக்கும். உள்ளே கொலாஜன் அரிக்கப்பட்டு நாளடைவில் சுண்ணாம்புத் தூளாக உதிரும். அழகான பல மாதிரிகள் இப்படி வீணானதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாகக் காயவைத்தல். நார் ஈரமாக இருக்கும்போதே வாயை வேண்டிய அளவு திறந்து, பஞ்சு வைத்து, தெர்மாகோல் பலகையில் குண்டூசிகளை இருபுறமும் நாட்டி நிறுத்து. செவுள் மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் உள்ளே இருக்கும் வளைவுகள் தெரியும். வெயில் கூடாது, நிழலில், மின்விசிறிக் காற்றில், மேலே கொசுவலை போட்டு வை. நார் காய்ந்துவிட்டால் அதுவே பசையாகப் பிடித்துக்கொள்ளும். ஆடுகிற மூட்டுக்கு மட்டும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் தொட்டு வை. விளைமீனின் வாயைப் பார்க்கும் எல்லாருக்கும் அதன் பல்லைக் காட்டு: முன்னால் கூரான கோரைப் பல், பக்கங்களில் உருண்டைக் கடைவாய்ப் பல். சிப்பியையும் நண்டையும் உடைத்துத் தின்னும் வாய் அது.

அந்தக் கிண்ணத்து முள்ளையும் எறிந்துவிடாதே. கழுவிக் காயவைத்து, கறுப்புத் துணியில் இடம் வலமாக அடுக்கு. அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் மீன் எலும்பு எந்த மீனுடையது என்று தொல்லியலாளர்கள் கண்டுபிடிப்பது இப்படிப் பிரித்து வைத்த எலும்புகளோடு ஒப்பிட்டுத்தான். முழு மண்டையோட்டைவிட இதுவே அவர்களுக்குப் பயன்படும். கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

தனியார் நிறுவன ஊழியர், கரூர்: எங்கள் ஊரில் கடல் மீன் ஐஸில் வைத்துத்தான் வரும். புதிதாகத் தொடங்குகிறவன் எந்த மீனில் கைவைக்கலாம்?

காவிரிக்கரையில் இருந்துகொண்டு கடலை ஏன் தேடுகிறீர்கள்? கெளுத்தியிலிருந்து தொடங்குங்கள். அதன் மண்டை மேல்பக்கம் கவசமாக இறுகியிருக்கும். அவ்வளவு எளிதில் குலையாது. அடுத்து கட்லா. அதன் வாயில் ஒரு பல்கூட இருக்காது. தொண்டைக்குள் விரல் விட்டுப் பாருங்கள், அங்கே இருக்கும் பல். கெண்டை இனம் முழுவதும் அப்படித்தான்: தொண்டைப் பல், மண்டையின் அடியில் இருக்கும் ஒரு திண்டின் மேல் உரசி உணவை அரைக்கிறது.

கட்லா தலை பெரியது. வெந்நீர் முறை அலுப்பாக இருந்தால் ஊறவைத்து அழுகவிடும் முறையைப் பின்பற்றலாம். சதையைக் கத்தியால் முடிந்தவரை நீக்கிவிட்டு, கொசுவலைப் பையில் கட்டி, குளோரின் கலக்காத கிணற்று நீரில் போட்டு மூடி வையுங்கள். பாக்டீரியா மிச்சத்தைத் தின்னும். நீரை முழுவதும் கொட்டி மாற்றினால் பாக்டீரியாவும் போய்விடும். பாதியை மட்டும் மாற்றுங்கள். கொட்டும்போது துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் பல்லும் சிறு எலும்பும் சாக்கடைக்குப் போய்விடும். நாரும் சேர்ந்து அழுகுவதால் எலும்புகள் தனித்தனியாகத்தான் வரும். திரும்ப ஒட்டிச் சேர்க்கும் பொறுமை இருப்பவருக்கு ஒரு மீனை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பாடம் கிடையாது. நாற்றம் கடுமையாக இருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மீன்பிடிக் குடும்பத்து இளைஞர், இராமநாதபுரம் மாவட்டம்: தாத்தா காலத்து வேளா மீன் கொம்பு (ரம்பம்போல் நீண்ட அதன் மூக்கு) ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். மெருகு பூசிக் கொடுக்கலாமா?

தம்பி, கூடாது. வேளா மீன்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது புலிக்கு உள்ள அதே காப்பு. விற்பதும் வாங்குவதும் குற்றம். உரிய சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதுமே சிக்கல்தான். விலை பேசியவரிடம் மறுத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அரசு அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய்ச் சேர வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உங்கள் தாத்தா அதை ஏன் பத்திரப்படுத்தினார் என்பது எனக்குப் புரிகிறது. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உங்கள் பரணில் கிடக்கிறது. வேளா சுறாவைப்போல் தோன்றினாலும் திருக்கை இனத்தைச் சேர்ந்தது. கொம்பின் ஓரத்தில் இருப்பவை வாய்ப்பற்களும் அல்ல. செதில்கள் உருமாறிப் பல் வடிவம் பெற்றவை. அந்தக் கொம்பின் தோலில் மின்புலத்தை உணரும் நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. மண்ணுக்குள் மறைந்திருக்கும் இரையைக் கண்டுபிடிப்பதும், பக்கவாட்டில் வீசி அடித்து வீழ்த்துவதும் அதே கொம்பால்தான். கையில் இருக்கும் வரை மெருகு, வார்னிஷ் எதுவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

கடல் குதிரையும் திமிங்கலச் சுறாவும் இதே அட்டவணையில் இருப்பவை. காய்ந்த கடல் குதிரையைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு அழகு பார்க்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கும் இதே பதில்தான்.

விசைப்படகு ஓட்டுநர், குளச்சல்: சுறாவின் வாயை வெட்டிக் காயவைத்தால் கோணிக்கொள்கிறது. முதுகெலும்பு மட்டும் நன்றாக இருக்கிறது. ஏன்?

சுறாவுக்கு எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. நீர் மிகுந்தது, காயும்போது சுருங்கும். முதுகின் வட்டுகளில் சுண்ணாம்புச் சத்து அடர்ந்து படிந்திருப்பதால் அவை மட்டும் வடிவம் மாறுவதில்லை. தாடைக்கு வெந்நீர் ஆகாது. குளிர்ந்த நீரில் வைத்துச் சதையைச் சீவி, மரச்சட்டத்தில் மேலும் கீழும் கயிற்றால் இழுத்துக் கட்டி, நிழலில் மெதுவாகக் காயவையுங்கள். உள்பக்கத்து ஈறுத் தோலை உரிக்காதீர்கள். வரிசையில் காத்திருக்கும் பற்கள் அதில்தான் நிற்கின்றன. தலையின் மற்ற பகுதி வேண்டுமென்றால் 70 சதவீத ஆல்கஹாலில்தான் வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட முதலில், எந்தச் சுறா என்று பாருங்கள். காப்புப் பட்டியலில் உள்ளதானால் வலையிலிருந்து உயிரோடு விடுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

விலங்கியல் ஆசிரியை, மதுரை: நெத்திலி, கப்பீஸ் போன்ற சிறு மீன்களின் எலும்புக்கூட்டை மாணவர்களுக்குக் காட்ட வழி உண்டா?

உண்டு அம்மா. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வேலையே அதுதான். சதையை நீக்காமல் சதையையே கண்ணாடியாக்கிவிட வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்திய மீனை அல்சியன் நீலம் என்ற சாயத்தில் ஊறவைத்தால் குருத்தெலும்பு நீலமாகும். பிறகு டிரிப்சின் என்ற செரிமான நொதி தசையை ஒளி ஊடுருவச் செய்யும். அலிசரின் சிவப்பு, சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பைப் பற்றிக்கொள்ளும். கடைசியில் படிப்படியாகக் கிளிசரினுக்கு மாற்றிக் குப்பியில் அடைத்து வைக்கலாம். டிங்கர்கஸ், உஹ்லர் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட முறை இது. உலகம் முழுவதும் மீன் ஆய்வகங்கள் இன்றும் இதைப் பின்பற்றுகின்றன. ஃபார்மலினும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வருவதால் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையோடும் காற்றோட்டத்தோடும் மட்டுமே செய்யுங்கள். ஒரு நெத்திலி முடிய வாரக்கணக்காகும். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே அந்தக் குப்பியைப் பிடிக்கும்போது, ஒவ்வொரு துடுப்புக் கதிரும் சிவப்புக் கோடாகத் தெரியும். செவுள் வளைவில் எங்கே நீலம் முடிந்து சிவப்பு தொடங்குகிறது என்று மாணவன் விரல் வைத்துச் சொல்லிவிடுவான்.

மாணவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: அந்த அலிசரின் நம் கரைக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மணல் நிலங்களில் தோண்டிய சாயவேரில் இருப்பதும் அதுதான். நம் துணிகளுக்குக் கெட்டிச் சிவப்பைத் தந்த வேர். 1868இல் ஜெர்மனியில் அதைச் செயற்கையாகத் தயாரித்தபின் வேர் தோண்டும் தொழில் நசிந்துபோனது.

வாசகி, பாம்பன்: முரல் மீனின் முள் பச்சையாக இருக்கிறது. விஷமா?

இல்லை. பிலிவெர்டின் என்ற நிறமி, பித்தத்தில் இருப்பதுதான். தாராளமாகச் சாப்பிடலாம். எலும்புக்கூட்டை எடுத்து வைப்பதானால் பெராக்சைடு பக்கமே போகாதீர்கள், அந்தப் பச்சை வெளுத்துவிடும். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பொறையாறு: மீன்களைப் பாடம் செய்து வைக்கும் வழக்கம் நம் பகுதியில் எப்போது தொடங்கியது?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது, ஐயா. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி, பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு மீன்களைப் பாடம் செய்து அனுப்பினார். பிளாக் அவற்றைப் பார்த்து ஓவியங்களோடு விவரித்தார். விராலுக்கு 1793இல் அறிவியல் பெயர் வைத்தவர் அவரே. கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு அதே ஆண்டு 'ஜானியஸ்' என்று, அனுப்பியவரின் பெயரையே சூட்டினார். பிளாக்கின் சேகரிப்பில் எஞ்சியவை பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பல, உலர்ந்த தோல்கள். மீனை நீளவாக்கில் பாதியாக்கி, ஒரு பக்கத்துத் தோலை மட்டும் உரித்து, தாவர இலையைப்போல் தாளில் அழுத்திக் காயவைக்கும் முறையை குரோனோவியஸ் என்ற ஹாலந்துக்காரர் 1742இல் வெளியிட்டிருந்தார். அந்தக் காலத்தில் மாதக்கணக்கான கப்பல் பயணத்துக்குச் சாராயக் குப்பிகளைவிட அது தோதாக இருந்தது.

கத்தாழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் மண்டையை உடைப்பதற்கு முன் காதுப் பகுதியில் இருக்கும் இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்துவிடுங்கள். செவிக்கல் எல்லா எலும்பு மீனுக்கும் உண்டு. கத்தாழைக்கு மிகப் பெரியது. எலும்பு கால்சியம் பாஸ்பேட், இந்தக் கல் கால்சியம் கார்பனேட். வினிகர் பட்டாலே கரையும். குறுக்கே வெட்டி மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். மீனின் வயதைக் கணிப்பது அதை வைத்துத்தான். சாராயத்தில் போடாமல், உலர்ந்த சிறு உறையில் வையுங்கள்.

வாசகர், கடலூர்: எறும்புப் புற்றருகே வைத்தால் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?

எறும்பு சதையைத் தின்னும். சிறு எலும்பையும் தூக்கிப் போய்விடும். பெரிய அருங்காட்சியகங்கள் இதற்கென்றே ஒரு வண்டு வளர்க்கின்றன. கருவாட்டுச் சாக்கில் முடி முளைத்த பழுப்புப் புழு ஊர்வதைக் கடலூர்க்காரரான நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்து வண்டின் புழுதான். உலர்ந்த சதையைத் தின்று நாரை ஓரளவு விட்டுவைக்கும். வீட்டில் வளர்க்க வேண்டாம். தோல், கம்பளி, உங்கள் மற்ற மாதிரிகள் எதையும் விடாது.

ஒரு தாய், சென்னை: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் குளியலறை வாளியில் மீன் தலைகளை ஊறப்போடுகிறான். நாற்றம் தாங்கவில்லை. தடுத்துவிடட்டுமா?

தடுக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள். மொட்டைமாடியில் மூடியுள்ள ஒரு வாளி, அவனுக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கத்தி, ரப்பர் கையுறை. அவை சமையலறைக்குள் திரும்ப வரக்கூடாது. பூனையும் காகமும் எட்டாதபடி மேலே கல் வைக்கச் சொல்லுங்கள். கெளுத்தியின் துடுப்பு முள் குத்தினால் விஷக் கடுப்பு வரும். அதை நீங்களோ அவன் அப்பாவோ வெட்டிக் கொடுங்கள். பேத்தை மீனை இந்த வயதில் தொடவே வேண்டாம். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது. கழிவைத் தின்னும் பூனையும் செத்துப்போகும். பெராக்சைடு உங்கள் அலமாரியில், உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும்.

பதிலுக்கு அவனிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு சீட்டு: மீனின் தமிழ்ப் பெயர், எந்தச் சந்தை, எந்தக் கடலில் அல்லது ஏரியில் பிடித்தது என்று விற்றவர் சொன்னது, தேதி, வெட்டுவதற்கு முன் அளந்த முழு நீளம். தலையாக மட்டும் வாங்கியிருந்தால் அதையும் எழுதட்டும். சீட்டு இல்லாத மண்டையோட்டை எந்த அருங்காட்சியகமும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாது. வாளிக்குள் போடும்போதே சீட்டும் பைக்குள் போக வேண்டும் என்பதால், கெட்டித் தாளில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.